நாய் தின்றது நஞ்சானால்…
மிருக வைத்தியரை நாடவேண்டிய வேளை எது?

யாழ்ப்பாணத்திலே வைரவர் கோயில் இல்லாத ஊர் இல்லை. நாய் இல்லாத வளவும் அரிது. வைரவப் பெருமானுக்கு வாகனமாக நிற்கும் அப்பிராணியை நாம் வாசலிற் காவல் வைத்திருக்கிறோம். இரவில் அது குரைத்தால் எழுந்து பார்க்கிறோம். நாம் கோயிலுக்குப் போனால் அதுவும் தேர்முட்டி வரை பின்னே வருகின்றது. நம்மோடு இத்துணை ஒன்றிவிட்ட பிராணி ஒருநாள் தின்னத்தகாத ஒன்றைத் தின்றுவிட்டால், நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். “நாய்தானே, சத்தியெடுத்தாற் சரியாய்ப் போகும்” என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு.

சில வேளைகளில் அப்பேச்சு மெய்யாகிவிடுகின்றது. வேறு சில வேளைகளில் அதுவே பிராணியின் உயிருக்கு உலையாகின்றது. எந்த வேளை எத்தகையது என்று பகுத்தறிவது எப்படி என்பதே இக் கட்டுரையின் பொருள்.

கொக்குவில் வீடொன்றில்

கொக்குவிலில் எமக்கு நன்கு பழக்கமான குடும்பம் ஒன்று உண்டு. அவர்கள் வீட்டில் வீரன் என்று ஒரு நாய் இருந்தது. செம்மஞ்சள் நிறம், மூன்று வயது, ஏறக்குறையப் பதினைந்து கிலோகிராம் நிறை. ஒரு திங்கட்கிழமை காலை, அரிசிப் பெட்டிக்குப் பின்னால் எலிக்கென்று வைத்திருந்த நீலநிற மருந்துக் கட்டிகளிற் சிலவற்றை அது கடித்துத் தின்றுவிட்டது. வீட்டின் இளைய மகன் அப்போது பத்தாம் வகுப்பு மாணவன். அவனே கண்டு சொன்னவன்.

“அம்மம்மா, வீரன் எலி மருந்தைத் திண்டிட்டுது. டாக்குத்தரிட்டைக் கொண்டு போவமே?”

“எங்கை, அது நல்லாய்த்தானே ஓடித் திரியுது? சோறும் திண்டிட்டுது. பேசாமல் பள்ளிக்கூடத்துக்குப் போ, தம்பி.”

அம்மம்மா சொன்னதில் அன்று குற்றங்காண ஒருவராலும் முடியவில்லை. செவ்வாய்க்கிழமையும் வீரன் வழமைபோல வேலிக்கரையிற் குரைத்துத் திரிந்தது. புதன்கிழமையும் அவ்வாறே. “பார்த்தியே, ஒண்டும் செய்யேல்லை” என்று வீட்டார் ஆறுதல் அடைந்தனர். வியாழக்கிழமை காலையில் அது விறாந்தையை விட்டு எழவில்லை. உதட்டை விலக்கிப் பார்த்தபோது முரசு வெளுத்திருந்தது. மாலையில் மூக்கிலிருந்து இரத்தம் கசிந்தது. அதன்பின்னரே ஓட்டோ அழைக்கப்பட்டது. வைத்தியரின் வாசலை அடையுமுன் வீரனின் மூச்சு நின்றுவிட்டது.

அம்மம்மா செய்த பிழைதான் என்ன? நாய் நலமாக இருப்பதைக் கண்டு, நஞ்சு வேலை செய்யவில்லை என்று முடிவு செய்ததே பிழை. நஞ்சுகள் எல்லாம் ஒரே வேகத்தில் நடப்பவை அல்ல. சில நிமிடத்தில் வெளிப்படும். சில மணிக்கணக்கில் வெளிப்படும். சில நாட்கணக்கிற் பதுங்கிக் கிடந்து பின் பாயும். இவ்வுண்மையை அறிந்துகொண்டால், வைத்தியரை நாடும் வேளை எது என்பது தானே விளங்கும்.

நாட்கணக்கிற் பதுங்கும் நஞ்சு

வீரன் தின்றது இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையைச் சேர்ந்த எலி மருந்து. இதன் வரலாறு சுவையானது. 1920ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் வட பகுதியிலும் கனடாவிலும் மாடுகள் காரணமின்றி இரத்தம் ஒழுகி மாண்டன. பூஞ்சணம் பிடித்துப் பழுதான இனிப்புக் குளோவர் என்னும் வைக்கோலைத் தின்றமையே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. 1933ஆம் ஆண்டு மாசி மாதத்தில், விஸ்கொன்சின் மாநிலத்து விவசாயி ஒருவர் இறந்த பசுவையும், உறையாத இரத்தம் நிறைந்த பாற் குவளையையும் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலினூடே பல்கலைக்கழகத்தின் இரசாயனக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்த காள் போல் லிங்க் என்னும் அறிஞரும் அவர் மாணாக்கரும் ஆண்டுக்கணக்காக உழைத்து நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அவ்வழியில் உண்டான ‘வார்பரின்’ 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. அதே மருந்து பின்னர் மனிதரின் இரத்தக்கட்டிக்கு மருந்தாகி, 1955இல் மாரடைப்புற்ற அமெரிக்க சனாதிபதி ஐசனோவருக்கும் கொடுக்கப்பட்டது. இன்று கடைகளில் விற்கப்படும் எலி மருந்துகளுட் பல, வார்பரினிலும் வலிமை மிக்க அதன் வழித்தோன்றல்கள்.

இந்நஞ்சு ஏன் பதுங்குகின்றது? இரத்தம் உறைவதற்கு வேண்டிய சில பொருள்களை ஈரல் ஆக்குகின்றது. அதற்கு விற்றமின் ‘கே’ தேவை. ஒருமுறை பயன்பட்ட அவ்விற்றமினை உடல் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொள்ளும். அப்புதுப்பிப்பையே நஞ்சு தடுக்கின்றது. ஆயினும், ஏற்கெனவே இரத்தத்தில் உள்ள உறைபொருள்கள் சில நாட்களுக்குப் போதும். அவை தீர்ந்தபின்னரே இரத்தம் கசியத் தொடங்கும். ஆகவே இரண்டு முதல் ஐந்து நாள்வரை நாய் ஓடும், உண்ணும், வாலாட்டும். அந்த நாட்களே அதனைக் காப்பாற்றக்கூடிய நாட்கள். விற்றமின் ‘கே1’ என்னும் மாற்று மருந்து கைவசம் இருக்கவே, அதனை நாடாமல் நாட்களைக் கழித்துவிடுகிறோம்.

எலி மருந்து யாவும் இவ்வகையின அல்ல என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ‘சிங்க் பொஸ்பைட்டு’ என்பது வயிற்றினுள் அமிலத்தோடு சேர்ந்து நச்சுவாயுவாக மாறிச் சில மணி நேரத்திலே உயிரைப் பறிக்கும். அதைத் தின்ற நாய் சத்தியெடுத்தால் அவ்வாயு வெளிவந்து அருகில் நிற்போரையும் தாக்கும். எனவே சாளரங்களைத் திறந்துவிட்டு விலகி நிற்றல் வேண்டும். எலி மருந்தின் உறையை எறியாமல் வைத்திருக்க வேண்டியது ஏன் என்பது இப்போது விளங்கும். எந்த நஞ்சு என்று தெரியாமல் எந்த மருந்து என்று சொல்ல எந்த வைத்தியராலும் இயலாது.

தோட்டத்திலும் வேலியிலும்

காங்கேசன்துறை வீதியின் இருமருங்கும் பரந்து கிடக்கும் கொக்குவில், புகையிலைக்கும் சுருட்டுக் கைத்தொழிலுக்கும் ஒருகாலத்திற் பெயர்பெற்ற ஊர். இன்று வீடுகள் நெருங்கிவிட்டன. எனினும் வெங்காயப் பாத்தியும் திராட்சைப் பந்தலும் அலரி வேலியும் இப்பகுதி மக்களின் கண்ணுக்குப் புதியன அல்ல. இவற்றுள் நாய்க்கு ஆகாதவை எவை என்று பார்ப்போம்.

முதலிற் புகையிலை. இதிலுள்ள நிக்கற்றின் விரைந்து வேலை செய்யும் நஞ்சு. தின்று கால்மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் நாய் வாய்நீர் வடித்துச் சத்தியெடுத்து நடுங்கத் தொடங்கும். நாயின் ஒவ்வொரு கிலோகிராம் நிறைக்கும் 1 மில்லிகிராம் நிக்கற்றினே அறிகுறிகளை உண்டாக்கும். 9 மில்லிகிராம் அளவிலே உயிருக்கு ஆபத்து. பத்துக் கிலோகிராம் நாய்க்கு ஏறக்குறைய 90 மில்லிகிராம் என்க. உலர்ந்த புகையிலையில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை நிக்கற்றின் இருப்பது வழக்கமாதலால், பாணி ஊட்டிய புகையிலைத் துண்டொன்றை இனிப்புக்காக மென்று விழுங்கிய சிறுநாயும் பிழைப்பது அரிதாகலாம். வயிற்றெரிவுக்கு நாம் உண்ணும் அமிலமுறி மருந்தை இவ்வேளையில் நாய்க்குக் கொடுக்கலாகாது. இரைப்பையின் அமிலமே நிக்கற்றின் விரைந்து இரத்தத்திற் சேராதபடி ஓரளவு தடுத்து நிற்கின்றது.

அடுத்தது வெங்காயம். நமக்கு உணவாகும் இது, நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கின்றது. கிலோகிராம் நிறைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் தீங்கு விளைக்கும் எனக் கணித்துள்ளனர். பத்துக் கிலோகிராம் நாய்க்கு 150 கிராம் என்றால், சின்ன வெங்காயத்தில் இரண்டு மூன்று பிடியே ஆகும். சமைத்தாலும் பொரித்தாலும் இந்நஞ்சு கெடுவதில்லை. வெள்ளைப்பூடு வெங்காயத்திலும் வலியது. இங்கும் அறிகுறி உடனே தோன்றாது. சில நாள் கழித்து முரசு வெளுத்து, சிறுநீர் தேநீர் நிறமாகி, நாய் மாடிப்படி ஏறவும் இளைக்கும்.

திராட்சையின் கதை இன்னும் வியப்பானது. திராட்சையும் உலர்ந்த முந்திரிகைப்பழமும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது 2001ஆம் ஆண்டளவிலேதான் மிருக வைத்திய உலகில் வெளிப்படையாகப் பேசப்பட்டது. ஆனால், ஏன் கெடுக்கின்றது என்பது இருபது ஆண்டுகள் புதிராகவே இருந்தது. ஒரு நாய் இரண்டு பழத்தில் நோயுறும்; இன்னொன்று ஒரு குலையைத் தின்றும் நலமாக இருக்கும். 2021இல் அமெரிக்க மிருக வைத்தியர் சிலர், வீட்டிற் செய்த விளையாட்டுக் களிமண்ணைத் தின்று சிறுநீரகம் கெட்ட நாயொன்றைக் கண்டு, அதிற் கலந்திருந்த ‘தாத்தாரிக்கமில’ உப்பின்மேல் ஐயங்கொண்டனர். திராட்சையிலும் அவ்வமிலம் உண்டு. இனத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப அதன் அளவு மாறும். புதிர் இவ்வாறு அவிழத் தொடங்கிற்று.

இதிலே நமது அடுக்களைக்கு ஒரு பாடம் இருக்கின்றது. தாத்தாரிக்கமிலம் மிகுந்த இன்னொரு பொருள் யாது? பழப்புளி. புளியைத் தின்ற நாய்களுக்கும் அவ்வாறே சிறுநீரகம் கெட்டதை அதே வைத்தியர்கள் 2022இல் எழுதியுள்ளனர். நஞ்சு தின்ற நாய்க்குப் புளிக்கரைசல் பருக்கினால் நஞ்சு முறியும் என்று நம்புவோர் நம்மிடையே உளர். அன்பினாற் செய்யும் அச்செயல், ஒரு நஞ்சின்மேல் இன்னொரு நஞ்சை ஊற்றுவதாகும்.

வேலியிலும் முற்றத்திலும் நிற்கும் அலரி, இலை முதல் விதை வரை இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையது. மஞ்சள் அலரியும் அப்படியே. கார்த்திகைப் பூவின் கிழங்கு, ஆமணக்கு விதை, ஊமத்தங்காய் என்பனவும் தவிர்க்கற்பாலன. ஆமணக்கு விதையை நாய் மென்று தின்றிருந்தால், பல மணி நேரம் கழித்தே இரத்தக் கழிச்சல் தோன்றலாம். அழகுக்காகச் சாடியில் வளர்க்கும் சைக்கஸ் ஈரலைக் கெடுப்பது.

தோட்டத்துப் பூச்சி மருந்து தனியே சொல்லத்தக்கது. இதன் ஒருசார் வகைகள் நரம்புகளைத் தாக்குவன. வாய்நீர், கண்ணீர், சிறுநீர், கழிச்சல் யாவும் அடக்கமின்றி ஒருங்கே வரும்; கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும்; தசை துடிக்கும். ‘அத்திரோப்பின்’ என்னும் மருந்தை வைத்தியர் உடனே ஊசி மூலம் ஏற்றினாற் பிழைக்கும். இது நிமிடக் கணக்கான போராட்டம்.

வீட்டு அலுமாரிக்குள்

நாய்க்குக் காய்ச்சல் என்று பரசிற்றமோல் குளிசை கொடுப்போர் உண்டு. 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, பத்துக் கிலோகிராம் நாயின் ஈரலைக் கெடுக்கப் போதுமானது. பூனைக்கோ ஒரு குளிசையே எமனாகும். மூட்டுவலிக் குளிசைகளும் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைத் தாக்குவன.

சொக்கலேற்றைப் பற்றி மாணாக்கர் ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம். அதில் உள்ள ‘தியோபுரோமின்’ என்பதே நாய்க்கு நஞ்சு. கிலோகிராம் நிறைக்கு 20 மில்லிகிராம் அளவில் வாந்தியும் பரபரப்பும் தோன்றும். 40 முதல் 50 அளவில் இதயம் தடுமாறும். 60ஐ எட்டினால் வலிப்பு வரும். பாற் சொக்கலேற்றில் கிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராமும், கறுப்புச் சொக்கலேற்றில் 5 மில்லிகிராமும் தியோபுரோமின் உண்டு. இப்போது பத்துக் கிலோகிராம் நாயொன்று 50 கிராம் பாற் சொக்கலேற்றைத் தின்றால், கிலோகிராமுக்கு 10 மில்லிகிராம். வயிறு சற்றுக் குழம்பலாம், வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அதே நாய் 100 கிராம் கறுப்புச் சொக்கலேற்றைத் தின்றால், கிலோகிராமுக்கு 50 மில்லிகிராம், வைத்தியரிடம் ஓடவேண்டியதுதான். பொருள் ஒன்றே, வகையும் அளவும் நிறையுமே வேளையைத் தீர்மானிக்கின்றன.

சீனி சேராத மெல்லும் இனிப்புகளிற் கலக்கும் ‘சைலிற்றோல்’ மற்றொரு மறைந்த பகை. நமக்குத் தீங்கற்ற இது, நாயின் உடலில் இன்சுலினைப் பெருகச் செய்து, இரத்தத்தின் சர்க்கரையை அரைமணி நேரத்துள்ளும் வீழ்த்திவிடும். நாய் தள்ளாடி விழும். கிலோகிராம் நிறைக்கு 0.1 கிராமே போதும்.

நஞ்சல்லாதவையும் உயிரை வாங்கும். மாம்பழக் காலத்தில் மாங்கொட்டையை விழுங்கிய நாயின் குடல் அடைபடுகின்றது. வெந்த கோழியெலும்பு சிராய்போலப் பிளந்து குடலைக் குத்துகின்றது. இறைச்சி கட்டிய நூலும் தூண்டில் முள்ளும் அவ்வாறே. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் அதனைப் பிடித்து இழுத்தலாகாது, குடல் அறுபடும். நாய் திரும்பத் திரும்பச் சத்தியெடுத்து, உணவைத் தள்ளி, மலங் கழியாமல் இருந்தால், அடைப்பு என ஐயுறல் வேண்டும்.

நான்கு வினாக்கள்

இனி, வேளையை அறியும் முறைக்கு வருவோம். நாய் ஏதோ தின்றுவிட்டது என்று தெரிந்தவுடன் நான்கு வினாக்களுக்கு விடை தேடுக. என்ன தின்றது? எவ்வளவு தின்றது? எப்போது தின்றது? நாயின் நிறை என்ன? அளவு தெரியாவிட்டால், உறையிலிருந்து குறைந்தது அனைத்தையும் நாயே தின்றதாகக் கொள்ளுக. இரண்டு நாய்கள் இருந்தால், ஒவ்வொன்றும் முழுவதையும் தின்றதாகவே கொள்ளுக. இவ்விடைகளோடு வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்தால், வரவேண்டுமா இல்லையா என்பதை அவர் சில நிமிடத்திற் சொல்லிவிடுவார்.

அறிகுறி ஒன்றும் இல்லாவிடினும் உடனே செல்லவேண்டிய சந்தர்ப்பங்கள் உள. எலி மருந்து, பூச்சி மருந்து, புகையிலை, அலரி, கார்த்திகைக் கிழங்கு, ஆமணக்கு விதை, சைக்கஸ், திராட்சை, பழப்புளி, சைலிற்றோல், மனிதரின் மருந்துக் குளிசை என்பவற்றுள் எதைத் தின்றாலும், ஊசி, தூண்டில் முள், பெரிய கொட்டை என்பவற்றுள் எதை விழுங்கினாலும், நாயின் துள்ளலைக் கண்டு மயங்காது புறப்படுக. வெங்காயமும் சொக்கலேற்றும் அளவைப் பொறுத்தன. நஞ்சு இரைப்பையை விட்டு இறங்குமுன் வெளியேற்றுவதே மிகச் சிறந்த வைத்தியம். அதற்குரிய காலம் பெரும்பாலும் முதல் இரண்டு மணி நேரமே.

தின்றது யாதெனத் தெரியாவிடினும், அறிகுறியைக் கண்டு செல்லவேண்டிய சந்தர்ப்பங்களும் உள. வலிப்பு, தள்ளாட்டம், மயக்கம், மூச்சுத் திணறல், ஓயாத வாய்நீர், இரத்தம் கலந்த வாந்தி, கரிய மலம், பலமுறை தொடரும் வாந்தி, சிறுநீர் கழியாமை என்பவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதித்தலாகாது. வயிறு மேளம்போல் உப்பி, நாய் ஓங்காளித்தும் ஒன்றும் வெளிவராதிருந்தால், இரைப்பை முறுக்கிக்கொண்டது என அஞ்சுக. அது மணிக்கணக்கிற் கொல்லும்.

முரசைப் பார்க்கக் கற்றுக்கொள்வது எளிது, பெரும்பயன் உடையது. நலமான நாயின் முரசு இளஞ்சிவப்பு. விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்கும். வெண்மை இரத்தக் குறைவையும், நீலம் மூச்சுத் தடையையும், மஞ்சள் ஈரற் கேட்டையோ செங்குருதிக் கலங்களின் சிதைவையோ, தவிட்டு நிறம் பரசிற்றமோல் போன்ற நஞ்சையும் காட்டலாம். சிலவகை நாய்களுக்கு முரசு இயல்பாகவே கருமை. அவற்றுக்குக் கீழ்க்கண்ணிமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். ஆறியிருக்கும் நாய் நிமிடத்துக்குப் பத்து முதல் முப்பது முறை மூச்சுவிடும். நாய் நலமாக உள்ள நாளிலேயே இவற்றைப் பார்த்துப் பழகினால், நோயுற்ற நாளில் வேறுபாடு கண்ணிற் படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாய்நீர் வடித்துத் தள்ளாடும் நாய் யாவும் நஞ்சு தின்றதல்ல. விசர்நாய் நோயும் அவ்வாறே தோன்றும். தடுப்பூசி பெறாத நாயாயினும் தெருநாயாயினும், வாய்க்குட் கைவைத்தலாகாது.

வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளத்தக்கவையும் உண்டு. எண்ணெய்ப் பலகாரத்தை மிகுதியாகத் தின்று ஒருமுறை சத்தியெடுத்த நாய், பாற் சொக்கலேற்றிற் சிறு துண்டைத் தின்ற பெரிய நாய், கறியோடு வந்த வெங்காயத் துணுக்கொன்றை விழுங்கிய நாய் என்பன போன்றவை வளர்ந்த, திடமான நாயாயின் ஒருநாள் கவனித்திருந்தாற் போதும். தண்ணீர் சிறிது சிறிதாக வைத்து, பின்னர் உப்பும் வெங்காயமும் சேராத கஞ்சி கொடுக்கலாம். குட்டி, கிழநாய், சினைநாய், முன்னமே நோயுற்ற நாய் ஆகியவற்றை இவ்விதியிலிருந்து விலக்குக.

செய்யத்தகாதன

உப்புநீர் பருக்கிச் சத்தியெடுக்க வைப்பது நம் ஊர்ப் பழக்கம். மிகுந்த உப்பு மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும். நஞ்சிற் பிழைத்த நாய் உப்பில் இறப்பதுண்டு. எண்ணெய் ஊற்றினால் அது நுரையீரலுட் புகுந்து சளிச்சுரம் உண்டாகும். பால் எல்லா நஞ்சையும் முறிப்பதன்று. அடுப்புக்கரியும் வைத்தியர் கொடுக்கும் விசேட கரியும் ஒன்றல்ல. மண்ணெண்ணெயோ அமிலமோ காரமோ குடித்த நாயையும், மயங்கிய நாயையும், வலிப்புள்ள நாயையும் ஒருபோதும் சத்தியெடுக்க வைத்தலாகாது. இறங்கும்போது சுட்டது, ஏறும்போது மறுபடியும் சுடும்.

செய்யத்தக்கன சிலவே. எஞ்சிய நஞ்சை அகற்றுக. மருந்து உடலிற் பட்டிருந்தால் கையுறை அணிந்து சவர்க்கார நீரினாற் கழுவுக. தின்ற நேரத்தைக் குறித்துக்கொள்க. உறையையோ, இலையையோ, வாந்தியிற் சிறிதையோ பையில் இட்டுக் கொண்டுசெல்க. மயங்கிய நாயைப் பக்கவாட்டிற் கிடத்தி, போர்வையிற் சுற்றித் தூக்குக. வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுக. “அயலட்டையில் ஆரோ வைச்சது” என்று கூசி மறைப்பதால் நாய்க்கே நட்டம்.

அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகம் எந்நாட்களில், எந்நேரம் திறந்திருக்கும், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நாயைப் பார்க்கும் வைத்தியர் யாவர் என்பவற்றை இன்றே விசாரித்து வைத்தல் நன்று. நஞ்சு நேரம் பார்த்து வருவதில்லை.

மீண்டும் அவ்வீட்டில்

வீரன் இறந்து இரண்டாண்டு கழித்து, அதே கொக்குவில் வீட்டில் மணி என்னும் குட்டி வளர்ந்து நாயாகியிருந்தது. எலித் தொல்லையும் குறையவில்லை. மருந்தை இம்முறை உயரத் தட்டில் வைத்திருந்தனர். எலி இழுத்துக் கீழே போட்ட கட்டியை மணி தின்றுவிட்டது. இளைய மகன் ஒருவரையும் கேட்கவில்லை. மருந்தின் உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மணியைச் சாக்கிற் சுற்றித் தூக்கினான். அம்மம்மாவே படலையைத் திறந்துவிட்டு, “கெதியாய்ப் போ, தம்பி” என்றார்.

தின்று ஒரு மணி நேரம் ஆகுமுன் வைத்தியர் ஊசி ஏற்றினார். மணி சத்தியெடுத்தது, நீலத் துணுக்குகள் வெளிவந்தன. விற்றமின் ‘கே1’ குளிசை நான்கு வாரம் நாள் தவறாது கொடுக்கப்பட்டது. நிறுத்தி இரண்டு நாளின் பின், இரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்து, அச்சமில்லை என்று வைத்தியர் கூறினார்.

அந்த நாலு வாரமும் மணிக்குக் குளிசையை இடியப்பத்திற் பொதிந்து ஊட்டியவர் அம்மம்மா. மணி அக்காலம் முழுவதும் ஒருநாளாவது நோயுற்றதாகத் தோன்றவில்லை. வீரனும் முதல் மூன்று நாள் அப்படித்தான் இருந்தது. இரு நாய்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு, அவ்வீட்டார் காத்திருந்த மூன்று நாட்களும் காத்திராத ஒரு மணி நேரமுமே. இன்று அவ்வீட்டு அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கின்றது. அதில் மிருக வைத்தியரின் தொலைபேசி எண்ணும், அதன் கீழே மணியின் நிறையும் எழுதப்பட்டுள்ளன. வாசகர் வீட்டிலும் அத்தகைய தாள் ஒன்று இன்றே ஏறுமாயின், அதுவே நம் காவற் பிராணிக்கு நாம் வைக்கும் காவல்.